ஓம் பார்த்து ஒயர் போடுங்கள்

இந்த இதழில் கார் சப்வூஃபர் (தாழ்ந்த பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்) இணைப்பு பற்றிய கேள்விகள் மட்டும். ஓம் என்பது இங்கே மின்தடையின் அளவு. பதில்களில் அடிக்கடி 'மீட்டரை வையுங்கள்' என்று வரும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும். வேலையைத் தொடங்குமுன் 10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் ஸ்டீரியோ மறுபடி ரகசிய எண்ணைக் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 12 அங்குல சப்வூஃபர் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்), ஒவ்வொரு காயிலும் 4 ஓம். மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் '4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட், குறைந்தபட்சம் 2 ஓம்' என்கிறது. 2 ஓமில் இணைப்பது எப்படி? 'எல்லா பிளஸ்ஸையும் சேர்த்து, எல்லா மைனஸையும் சேர்த்துப் போட்டால் முடிந்தது' என்கிறார் மெக்கானிக்.
வாசகர், நாமக்கல்

மெக்கானிக் சொல்வதுபோல் போட்டால் நான்கு காயிலும் பேரலலில் சேர்ந்து 1 ஓம் ஆகிவிடும். 2 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று எழுதியிருக்கும் ஆம்ப் அதில் சில நாள் ஓடலாம். மெதுவாகப் பாடும்வரை ஒன்றும் தெரியாது. நீண்ட பயணத்தில், ஏசி காற்று போகாத டிக்கிக்குள், சத்தத்தை ஏற்றி வைக்கும்போது அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். ஓம் பாதியானால் அதே வோல்ட்டுக்குக் கரன்ட் இரட்டிப்பாகும், சூடு அதைவிட வேகமாக ஏறும். நல்ல ஆம்ப் என்றால் புரொடெக்ட் விளக்கைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும். மலிவானதில் அந்தப் பாதுகாப்பு பெயருக்குத்தான்.

இனி உங்கள் கேள்வி. உங்களிடம் இருக்கும் இரண்டு சப்வூஃபரை வைத்து 2 ஓம் கொண்டுவரவே முடியாது. 4+4 ஓம் காயில் கொண்ட இரண்டு சப்வூஃபருக்குக் கிடைப்பவை 1 ஓம், 4 ஓம், 16 ஓம் மட்டுமே. உங்களுக்கு உகந்தது 4 ஓம். 2 ஓமில் ஓட்டியே தீரவேண்டும் என்றால் 2+2 ஓம் காயில் கொண்ட சப்வூஃபர் இரண்டு வாங்கியிருக்க வேண்டும். அல்லது இப்போதிருப்பதில் ஒன்றை மட்டும், அதன் இரண்டு காயிலையும் பேரலலில் சேர்த்து ஓட்டலாம். ஆனால் 500 வாட்டை அந்த ஒரு சப்வூஃபர் தாங்குமா என்று அதன் ஆர்எம்எஸ் அளவை (தொடர்ந்து தாங்கும் வாட்) பார்க்க வேண்டும்.

4 ஓம் இணைப்பு இப்படி: முதல் சப்வூஃபரில் முதல் காயிலின் மைனஸையும் இரண்டாம் காயிலின் பிளஸ்ஸையும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். மிச்சம் இருக்கும் முதல் காயிலின் பிளஸ்ஸும் இரண்டாம் காயிலின் மைனஸும்தான் இப்போது அந்த சப்வூஃபரின் இரண்டு முனைகள். காயில்கள் சீரிஸில் சேர்ந்ததால் 8 ஓம். இரண்டாவது சப்வூஃபரிலும் இதையே செய்யுங்கள். பிறகு இரண்டு சப்வூஃபரின் பிளஸ்ஸும் ஆம்பின் பிளஸ்ஸுக்கு, இரண்டின் மைனஸும் ஆம்பின் மைனஸுக்கு. 8-உம் 8-உம் பேரலலில் சேர்ந்து 4 ஓம். காயில்களைப் பேரலலில் போட்டு சப்வூஃபர்களை சீரிஸில் இணைத்தாலும் 4 ஓமே வரும். ஆனால் முதல் முறையில் ஒவ்வொரு சப்வூஃபருக்கும் ஆம்பிலிருந்து தனி ஒயர் போகிறது. ஒன்றில் கோளாறு வந்தால் அதைக் கழற்றிவிட்டு மற்றதைத் தனியே சோதிக்கலாம்.

ஆம்புக்கு ஒயரைப் போடுமுன் மீட்டரை 200 ஓமில் வையுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் ஓம். வரும் அளவிலிருந்து அதைக் கழியுங்கள். 4 ஓம் காயில் மீட்டரில் சரியாக 4 காட்டாது. 3.2 முதல் 3.7 வரை காட்டினால் காயில் நலம். உங்கள் முழு இணைப்பின் முடிவிலும் இதே அளவு வரவேண்டும். 1.7 காட்டினால் எங்கோ ஒரு ஒயர் இடம் மாறியிருக்கிறது. 7 காட்டினால் ஒரு சப்வூஃபர் மட்டுமே இணைந்திருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் ஜாயின்ட் விட்டிருக்கிறது அல்லது காயில் எரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோனோ ஆம்பில் இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ் திருகுகள் இருக்கும். 'இரண்டு சப்வூஃபர், இரண்டு சேனல்' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே அந்த இரண்டு பிளஸ்ஸும் ஒன்றுதான், இரண்டு மைனஸும் ஒன்றுதான். ஒயர் சொருக வசதிக்காகத்தான் இரண்டு துளை. ஆளுக்கொரு ஜோடியில் 4 ஓம் சப்வூஃபரைப் போட்டால் ஆம்ப் பார்ப்பது 2 ஓம்.

'2000 வாட்' என்று மேலே எழுதியிருக்கும் மோனோ ஆம்ப் வாங்கியிருக்கிறேன். கூடவே 8 கேஜ் ஒயர் கிட் கொடுத்தார்கள். போதுமா? ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர்?
வாசகர், திருநெல்வேலி

மேலே எழுதியிருப்பதை மறந்துவிட்டு ஆம்பின் பக்கவாட்டில் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 25 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது பேட்டரி 13.8 வோல்ட் காட்டும். 50-ஐ 13.8-ஆல் பெருக்கினால் 690 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். கிளாஸ் டி வகை ஆம்ப் அதில் முக்கால் பங்கையோ கொஞ்சம் அதிகமாகவோ ஒலியாக வெளியே விடும். ஆக, 500 வாட்டை ஒட்டிய ஆம்ப். கிளாஸ் ஏபி என்றால் பாதியை ஒட்டித்தான். மிச்சம் சூடாகப் போகும். 2000 எங்கிருந்து வந்தது என்று அட்டைப்பெட்டியைக் கேட்டால்தான் தெரியும். ஆர்எம்எஸ் வாட்டைத் தனியாகச் சொல்லும் ஆம்பையே வாங்குங்கள். 'சிஇஏ-2006' என்று குறிப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது; 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு வராமல் அளக்க வேண்டும் என்று சொல்லும் அளவுமுறை அது.

இப்போது ஒயர். போனட்டிலிருந்து டிக்கிவரை சின்ன காரிலும் 5 மீட்டர் ஆகும். 8 கேஜ் என்பது சுமார் 8.4 ஸ்கொயர் எம்எம்; கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும். சுத்தமான செம்பாக இருந்தால் 45 ஆம்பியர் ஓடும்போது 5 மீட்டரில் அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக விழும். சமாளிக்கலாம். ஆனால் கிட்டில் வரும் ஒயர் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான், இழப்பு 0.7 வோல்ட்டைத் தாண்டும். கனமான பிளாஸ்டிக் உறையைப் போட்டு 8 கேஜ் என்று விற்பதும் உண்டு. உள்ளே உள்ள கம்பி 10 கேஜுக்குக்கூடத் தேறாது. ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

உங்களுக்குப் பொருத்தம் 4 கேஜ், அதாவது சுமார் 21 ஸ்கொயர் எம்எம் முழுச் செம்பு. இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். செம்பு கிடைக்காமல் அலுமினிய ஒயர்தான் என்றால் ஒரு சைஸ் தடிமனாகப் போங்கள்.

ஃப்யூஸ் 60 ஆம்பியர், ஒயரின் பாதையில் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள். இந்த ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரையும் காரையும். ஆம்புக்குத்தான் அதன் சொந்த ஃப்யூஸ் இருக்கிறதே. ஃபயர்வாலில் ஒயர் நுழையும் தகரத் துளையில் உறை அறுந்து பாடியில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஃப்யூஸ் டிக்கியில் ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த நேரத்தில் எதற்கும் உதவாது. சீட்டுக்கு அடியில் போகும் 5 மீட்டர் ஒயர் பழுத்து எரியும். அதனால் துளையில் ரப்பர் குரோமெட் கட்டாயம். இன்ஜின் பக்கம் முழுவதும் நெளிகுழாய்க்குள் ஒயரை விடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளியே கட்டுங்கள்.

எர்த் ஒயரைப் பின்சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சரியா?
வாசகர், கரூர்

சரியில்லை. கழற்றச் சொல்லுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை ஒரு குறிப்பிட்ட டார்க்கில் இறுக்கியிருப்பார்கள். நடுவே லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையத்தை) நுழைத்தால் அது சரியாக உட்காராது. உயிர் காக்கும் போல்ட்டில் கைவைக்க எந்தக் காரணமும் நியாயமில்லை.

டிக்கித் தரையில் கனமான தகரம் வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அடியில் பெட்ரோல் டேங்க்கோ பிரேக் குழாயோ இல்லையென்று காருக்குக் கீழே குனிந்து பார்த்தபிறகே துளை போடுங்கள். ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட்டை எமரி தாளால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, 8 எம்எம் போல்ட், பல் வாஷர், நட் போட்டு இறுக்குங்கள். இறுக்கியபிறகு மேலே பெயின்ட் அல்லது கிரீஸ் பூசுங்கள். முதலில் பூசிவிட்டு இறுக்காதீர்கள். கடற்கரை ஊர் என்றால் இந்தப் பூச்சை விட்டால் ஒரு மழைக்காலத்தில் துரு வந்துவிடும். எர்த் ஒயரும் பிளஸ் ஒயரின் அதே கேஜில் இருக்க வேண்டும், நீளம் 45 சென்டிமீட்டருக்குள்.

சோதிப்பது எளிது. பாட்டை நன்றாக ஏற்றிவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை ஆம்பின் எர்த் திருகிலும் வையுங்கள். மீட்டர் ஒயர் எட்டாது, ஒரு நீள ஒயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை.

பேட்டரி மைனஸ் டெர்மினலிலேயே ஒரு சின்ன சென்சார் பெட்டி இருக்கும் புதிய கார்களில், எர்த்தைப் பேட்டரி மைனஸ் முனையில் நேரடியாக மாட்டக்கூடாது. கரன்ட் எவ்வளவு போகிறது என்று அந்த சென்சார்தான் கணக்கு வைக்கிறது. அதன் வழியே போகாமல் இழுத்தால் சார்ஜிங் கணக்கு குழம்பும். பாடியில்தான் எர்த்.

கம்பெனி டச் ஸ்கிரீனில் ஆர்சிஏ சாக்கெட் (ஆம்புக்குச் சிக்னல் எடுக்கும் துளை) இல்லை. ஸ்டீரியோவை மாற்றாமல் ஆம்ப் போட முடியுமா?
வாசகர், தஞ்சாவூர்

முடியும். ஆம்பில் 'ஹை லெவல் இன்புட்' இருந்தால் பின்கதவு ஸ்பீக்கர் ஒயர்கள் நான்கையும் அதற்குக் கொடுங்கள். இல்லையென்றால் நடுவே ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ சிக்னலாக மாற்றும் லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் ஒன்று போட வேண்டும். ஒயரை வெட்டாமல், காரின் கப்ளருக்கேற்ற இடைக் கப்ளர் வாங்கி அதில் ஜாயின்ட் போட்டால் வாரன்டி பற்றிய வாக்குவாதம் வராது.

இதில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. 'ஸ்பீக்கர் மைனஸும் எர்த்தும் ஒன்றுதானே' என்று அதைப் பாடியில் சேர்த்துவிடுகிறார்கள். இன்றைய கார் ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சுமார் 6 வோல்ட் டிசி நிற்கும். மைனஸைப் பாடியில் சேர்த்தால் ஸ்டீரியோவின் அவுட்புட் ஐசி போய்விடும். நான்கு ஒயரும் நான்காகவே போகட்டும்.

அந்த 6 வோல்ட்டை ஒரு வசதியாகவும் பயன்படுத்தலாம். ஸ்டீரியோ ஆன் ஆனதை அதை வைத்தே உணர்ந்து தானாக ஆன் ஆகும் ஆம்ப்கள் உண்டு. அவற்றுக்கு ரிமோட் ஒயர் (ஆம்பை ஆன் செய்யச் சொல்லும் ஒயர்) வேண்டாம். உங்கள் ஆம்பில் அந்த வசதி இல்லையென்றால் சாவியைத் திருப்பும்போது மட்டும் 12 வோல்ட் வரும் ஒரு ஃப்யூஸிலிருந்து, ஃப்யூஸ் டேப் வைத்து மெல்லிய ஒயர் இழுத்து ரிமோட் திருகில் கொடுங்கள். எப்போதும் 12 வோல்ட் இருக்கும் ஒயரில் கொடுத்துவிட்டால் ஆம்ப் இரவு முழுவதும் விழித்திருக்கும். காரை ஓரிரு நாள் நிறுத்தி வைத்தாலே ஸ்டார்ட் ஆகாது. தனியாக வாங்கிப் போடும் ஸ்டீரியோவில் இந்தத் தொல்லை இல்லை. நீல ஒயரில் வெள்ளைக் கோடு போட்டது ரிமோட். வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு. ரேடியோ போட்டால் மட்டும் உயிர் வரும் ஸ்டீரியோக்கள் இருப்பதால் அதைத் தொடாதீர்கள்.

கெய்ன் திருகை எவ்வளவு திருப்புவது? முழுக்க வைத்தால் அதிர்வு நன்றாக இருக்கிறது, ஆனால் பத்து நிமிடத்தில் கருகிய வாடை வருகிறது.
வாசகர், ஈரோடு

உடனே நிறுத்துங்கள். அந்த வாடை வாய்ஸ் காயிலின் பசையும் வார்னிஷும் வேகும் வாடை.

கெய்ன் சத்தம் கூட்டும் திருகு அல்ல. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் வோல்ட்டுக்கும் ஆம்புக்கும் பொருத்தம் பார்ப்பதற்காக இருப்பது. எல்லையைத் தாண்டித் திருப்பினால் ஆம்பால் அதற்குமேல் வோல்ட் தர முடியாமல் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் சராசரி வாட் அதிகம். 'என் ஆம்ப் 300 வாட்தான், சப்வூஃபர் 400 வாட் தாங்கும்' என்றிருந்தும் காயில் எரிவது இப்படித்தான்.

அளந்து வைக்கும் முறை: சப்வூஃபர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். பாஸ் பூஸ்ட் பூஜ்யம், ஸ்டீரியோவில் ஈக்வலைசர் நேர்கோடு, லவுட்னஸ் அணைப்பு. லோ பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டியை) 80 ஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளி வையுங்கள். 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் சைன் அலையைப் பென்டிரைவில் போட்டு ஓட்டுங்கள். ஸ்டீரியோ சத்தம் 40 வரை போகும் என்றால் 30-இல் நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் திருகுகளில் பிடியுங்கள். கெய்னைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, கணக்கில் வரும் வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள்.

கணக்கு இது: வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட், 4 ஓம் என்றால் 1200-இன் வர்க்கமூலம், 34.6 வோல்ட். 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். 500 வாட், 1 ஓம் என்றால் 22.4 வோல்ட். ஆம்பின் ஆர்எம்எஸ், சப்வூஃபர்களின் மொத்த ஆர்எம்எஸ் இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். 50 ஹெர்ட்ஸைச் சொன்னதற்குக் காரணம் உண்டு: விலை குறைந்த மீட்டர்களெல்லாம் வீட்டு மின்சாரத்தை அளக்கச் செய்தவை, அந்த 50 ஹெர்ட்ஸில் நம்பலாம்.

அதன்பிறகு அந்த 30-ஐத் தாண்டி ஸ்டீரியோவை ஏற்றாதீர்கள், பாஸ் பூஸ்ட்டைத் தொடாதீர்கள். 6 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த அலைவரிசையில் நான்கு மடங்கு வாட் கேட்கிறீர்கள். 12 டெசிபல் என்றால் பதினாறு மடங்கு. ஆம்பில் அவ்வளவு இருந்தால்தானே. பாடல் கேட்கும்போது லோ பாஸை 80 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுங்கள். பெட்டியில் குழாய்த் துளை இருந்தால் சப்சோனிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டியை) 25–30 ஹெர்ட்ஸில் வையுங்கள். பெட்டி இசைந்திருக்கும் அலைவரிசைக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தம் இருக்காது, காயில் அடித்தட்டில் மோதும்.

ஒரே பெட்டியில் இரண்டு சப்வூஃபர். ஒன்றை மட்டும் போட்டால் நல்ல பாஸ், இரண்டையும் போட்டால் குறைகிறது!
வாசகர், காரைக்கால்

ஒன்றின் பிளஸ்-மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போய், காற்றைத் தள்ளாமல் தங்களுக்குள்ளேயே விழுங்கிவிடுகின்றன. ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை சப்வூஃபர் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கூம்பு வெளியே வரவேண்டும். உள்ளே போகும் சப்வூஃபரில் ஒயரை மாற்றுங்கள். இரட்டைக் காயில் என்றால் ஒவ்வொரு காயிலையும் தனித்தனியே தொட்டுப் பாருங்கள். ஒரே சப்வூஃபருக்குள் ஒரு காயில் திரும்பியிருந்தால் சத்தம் ஏறக்குறைய வராது, சூடு மட்டும் வரும்.

ஹெட்லைட் பாஸ் ஒலிக்கு ஏற்ப மங்குகிறது. 1 ஃபாரட் கெப்பாசிட்டர் போடச் சொல்கிறார்கள்.
வாசகர், மதுரை

அந்தப் பணத்தை ஒயருக்குச் செலவிடுங்கள். 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 1 வோல்ட் இறங்கும்போது தருவது 1 கூலம், அதாவது 1 ஆம்பியர் ஒரு நொடி ஓடும் அளவு. 50 ஆம்பியர் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் தாங்கும். ஒரு நீண்ட பாஸ் ஒலிக்கு எந்த மூலைக்கு? சின்ன பெட்ரோல் கார்களின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி வயதாகியிருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள். பிறகு பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கும் போகும் மூன்று ஒயர்களோடு 4 கேஜ் ஒயர் கூடுதலாகப் போடுங்கள். ஆல்டர்னேட்டர் ஒயருக்கு ஃப்யூஸ் வேண்டும். சென்சார் இருக்கும் காரில் மைனஸ் ஒயரைச் சென்சாரைத் தாண்டி, பாடிப் பக்கத்திலேயே முடியுங்கள். அதற்குப் பிறகும் மங்கினால் ஆல்டர்னேட்டரால் அவ்வளவுதான் முடியும், ஆம்பைக் குறைக்க வேண்டும்.

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஏறுகிறது.
வாசகர், வேலூர்

ஆம்பில் ஆர்சிஏ ஒயரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் ஒயரிலோ ஸ்டீரியோவிலோதான் கோளாறு. ஸ்டீரியோவின் எர்த்தை டேஷ்போர்டுக்குள்ளேயே நல்ல தகரத்தில் போடுங்கள், ஆர்சிஏவைப் பவர் ஒயர் போகும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கச் சட்டத்தின் வழியே கொண்டுபோங்கள். நிற்கவில்லையென்றால் ஆம்பின் எர்த். மேலே கரூர் வாசகருக்குச் சொன்ன 0.2 வோல்ட் சோதனையைச் செய்யுங்கள்.

சாதாரணமாகப் பாடுகிறது. வேகத்தடையில் ஏறினால் மட்டும் புரொடெக்ட் விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டால் மறுபடி பாடும்.
வாசகர், ஓசூர்

அதிரும்போது எங்கோ ஒயர் தொடுகிறது. ஆம்பை ஆன் செய்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு அதே வேகத்தடையில் ஏறுங்கள். விளக்கு எரியாவிட்டால் குற்றம் ஸ்பீக்கர் பக்கம். பெட்டியின் பின்பக்கக் கிண்ண டெர்மினலைத் திருகு கழற்றி வெளியே எடுங்கள். பிளஸ் ஒயரின் ஓர் இழை விலகி மைனஸ் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது வழக்கம். இழைகளை முறுக்கி லக் போட்டு கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் உறை ஏற்றுங்கள். இன்சுலேஷன் டேப் டிக்கிச் சூட்டில் பசை உருகி நழுவிவிடும். அடுத்து மீட்டரை ஓமில் வைத்து ஸ்பீக்கர் ஒயருக்கும் கார் பாடிக்கும் நடுவே பாருங்கள். எந்த அளவும் காட்டக்கூடாது. காட்டினால் சீட் ரெயிலுக்கு அடியில் ஒயர் நசுங்கியிருக்கும். ஒயரைக் கழற்றியபிறகும் விளக்கு எரிந்தால் ஆம்பைப் பெட்டிமேல் திருகி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த அதிர்வில் உள்ளேயுள்ள சால்டர் விடும். ஆம்பைக் கழற்றிப் பின்சீட்டின் முதுகுப்புறத்தில் ஒரு பிளைவுட் பலகைமேல் மாட்டி, சால்டரை ரிப்பேர் கடையில் சரிபாருங்கள்.